பத்தில் தொடங்குகிற வரி

விட்டுவிட்டு எரிகிறது அந்தச் சின்னக் கோடு, கறுப்புத் திரையின் இடது ஓரத்தில், எரிந்து அணைந்து மறுபடி எரிந்து, சொல்லு, என்ன வேணும், சொல்லு என்று என்னையே கேட்கிற மாதிரி, நான் இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், வெளியே மத்தியான வெயில், அடுப்பில் பால் வைத்தது மறந்தே போயிற்று, எதிரில் இருப்பது எங்கள் வீட்டுப் பரணில் இத்தனை வருசமாக அட்டைப்பெட்டிக்குள் கிடந்த அரசாங்க இலவச டிவி, அதன் முன்னால் பழுப்பேறிய ஒரு கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்றால் இப்போது இருக்கிற மாதிரி இல்லை, எழுத்து அடிக்கிற பலகைதான் கம்ப்யூட்டர், எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம், டிவியில் ஆன்டெனா சொருகுகிற ஓட்டையில் அதன் வயரைச் சொருகிவிட்டால் டிவியே அதற்கு முகம், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கோ இங்கிலாந்தில் செய்து கப்பலேறி வந்தது, அறுபத்து மூன்று வயதில் நான் தொட்ட முதல் கம்ப்யூட்டர் அதுதான், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

திண்டுக்கல்லில் பழைய சாமான் கடை ஒன்றில் மிக்சி ஜாருக்கு மூடி தேடிப் போன இடத்தில் அது கிடந்தது, ஓட்டை டேபிள் ஃபேனுக்கும் உடைந்த தையல் மெஷினுக்கும் நடுவில், மேலெல்லாம் சந்தனமும் குங்குமமும், பொட்டுமேல் பொட்டாக, ஏதோ பள்ளிக்கூடத்து மெஷின் போலிருக்கிறது, வருசா வருசம் ஆயுதபூஜைக்குத் துடைத்துப் பொட்டு வைத்து மாலை போட்டுச் சுண்டல் தின்றிருக்கிறார்கள், ஒருத்தர்கூட ஸ்விட்சைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள், சாமியாக்கிவிட்டால் அப்புறம் யார் தொடுவது, சந்தனம் விசைகளுக்கு நடுவில் இறங்கிக் காரையாகக் காய்ந்திருந்தது, நான் குனிந்தேன், யாரையும் கேட்காமல் என் கை போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது, இடது சுண்டுவிரல் ஏ எழுத்தில், மற்ற விரல்கள் அதது இடத்தில், அப்படியே தட்டச்சு மெஷினின் வரிசை, ஒரு எழுத்து மாறவில்லை, கடைக்காரர் சொல்கிறார், அக்கா அது ஓடாதுக்கா, பிள்ளைங்க விளையாட வேணும்னா எடுத்துட்டுப் போங்க. எங்க வீட்ல பிள்ளைங்க இல்ல, எனக்குத்தான் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மூடியைத் தேடப் போனார்.

எனக்குத்தான், ஆமாம், எனக்கேதான், தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் என் விரல் ஓடுகிற ஓட்டத்தைப் பக்கத்து மெஷின்காரிகள் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள், பரீட்சையில் இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர், இரண்டும் முதல் வகுப்பு, ஆபீஸில் நான் நாலு கார்பன் வைத்து அடித்தால் கடைசிக் காப்பியிலும் எழுத்து பளிச்சென்று விழும், மேலதிகாரி அவசரமென்றால் மற்றவர்களை விட்டுவிட்டு அந்தம்மாவைக் கூப்பிடு என்பார், அப்புறம் ஒருநாள் கம்ப்யூட்டர் வந்தது, அதற்கென்று தனி அறை, ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு போர்டு, பயிற்சிக்குப் பேர் எழுதுகிற அன்று நான் முதல் ஆளாகப் போய் நின்றேன், அதிகாரி நல்ல மனுஷன்தான், சிரித்துக்கொண்டே சொன்னார், உங்களுக்கு எதுக்கும்மா இந்த வயசுல, இது வராது, தபால் பக்கம் போய் நிம்மதியா இருங்க. இந்த வயசுல. அப்போது எனக்கு முப்பத்தாறு. தட்டச்சு மெஷின்களை மூலையில் அடுக்கி மேலே துணி போட்டு மூடினார்கள், எனக்குப் பசை டப்பாவும் ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்தார்கள், ரிட்டயராகிற வரைக்கும் கவர் ஒட்டினேன், கம்ப்யூட்டர் அறைக்குத் தபால் கொண்டுபோவேன், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வைத்துவிட்டு வந்துவிடுவேன். வராது என்ற அந்த ஒரு சொல் என்கூடவே வீட்டுக்கு வந்து என்கூடவே சாப்பிட்டது.

பழைய கம்ப்யூட்டர்களை உயிர்ப்பிக்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருப்பதை யூடியூப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், எல்லாரும் பையன்கள், மதுரையில் இர்ஃபான் என்று ஒரு தம்பி நடத்துகிறான், படம் எடுத்து அனுப்பினேன், உடனே பதில், எடுத்ததும் கரன்ட் கொடுத்துராதீங்க, உள்ள இருக்கிற கெப்பாசிட்டர் வெடிக்கும், முதல்ல அதை மாத்தணும், அடுத்த மாசம் மதுரையில நம்ம கூடுகை, புதுசா வர்றவங்க மெஷினை ஓட வச்சுக் கொண்டுவந்தா ஒரு மேஜை உண்டு. படித்தேன், புரிந்தது, ஆனால் கை கேட்கவில்லையே, ஒரே ஒரு தடவை, சும்மா, உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஸ்விட்சைப் போட்டேன், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அப்புறம் படாரென்று ஒரு சத்தம், புகை, கருவாட்டைச் சுட்டுத் தீய விட்ட நாற்றம், வீடு முழுக்க, என் வீட்டுக்காரர் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் மெயினை இறக்கினார், அவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர், எதற்கும் பதறாத ஆள். ஏம்மா, இது நமக்குத் தேவையா, விட்டுரு, வராததைப் போட்டு இழுத்துக்கிட்டு என்றார்.

வராததை என்றார் பாருங்கள், அவருக்குத் தெரியாது, அந்தச் சொல்லை வேறு ஒருத்தர் எனக்கு எப்போதோ சொல்லியாயிற்று என்று, அதை நான் அவரிடம்கூடச் சொன்னதில்லை, அன்றைக்குச் சொன்னேன், வாசல் கதவைத் திறந்துபோட்டுப் புகை போகிற வரைக்கும் நின்றுகொண்டே சொன்னேன், கோபத்தில் பாதி, அழுகையில் பாதி, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், சாயங்காலம் டீ குடிக்கப் போனவர் கையில் ஒரு சால்டரிங் அயர்னோடு வந்து சேர்ந்தார், இந்தா, இனிமே நான் வாயைத் தொறக்கல. எங்கள் ஊரில் கெப்பாசிட்டரைக் கண்டென்சர் என்பார்கள், ஃபேன் சுற்றாவிட்டால் மாற்றுவோமே அந்த இனம்தான், சிறிசு, வெடித்துப்போனதைப் பிடுங்கிவிட்டுப் புதுசை வைத்து ஈயத்தை உருக்கி ஒட்டினேன், முதலில் ஒட்டியது சாணி அப்பியது மாதிரி இருந்தது, படம் அனுப்பினால் குழுவில் ஒருத்தன் சிரிக்கிற பொம்மை போட்டான், பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி, விரலில் சுட்டுக்கொண்டு மறுபடி, கடைசியில் ஒரு சொட்டு அரிசிமணி மாதிரி பளபளவென்று உட்கார்ந்தது, ஆஹா, அந்தச் சொட்டை நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விசைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சந்தனத்தைப் பல் துலக்குகிற பிரஷால் சுரண்டி எடுத்தேன், கழுவி முற்றத்தில் காய வைத்தேன், பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து என்ன வத்தல் போட்டிருக்கீங்க என்று கேட்டாள்.

அப்புறம் டிவியில் அது எந்த இடத்தில் வரும் என்று தேடினோம், நான் டிவி பொத்தானை அழுத்தி நகர்த்த நகர்த்த இவர் தள்ளி நின்று பார்க்கிறார், கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு இவர் கத்துவார், தெரியுதா, நான் கீழே இருந்து கத்துவேன், இல்ல, இப்ப, இல்ல, கொஞ்சம் வந்துச்சு போச்சு, அதே கத்தல் இப்போது ஒரே அறைக்குள், தெரியுதா, இல்ல, புள்ளிபுள்ளியாக இரைச்சல், இரைச்சல், பிறகு சட்டென்று இரைச்சல் அடங்கிக் கறுப்பு, அந்தக் கறுப்பில் வெள்ளை எழுத்து, அதன் கீழே அந்தச் சின்னக் கோடு, விட்டுவிட்டு. ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன், பால் பாதி பொங்கிப் போயிருந்தது.

முதலில் எல்லாரும் அடிக்கிறது ரெண்டே வரிதான் என்று இர்ஃபான் அனுப்பியிருந்தான், பத்து என்று நம்பர் போட்டு பிரிண்ட், மேற்கோள் குறிக்குள் உங்கள் பெயர், இருபது என்று போட்டு பத்துக்குத் திரும்பிப் போ, அவ்வளவுதான், ஓடச் சொன்னால் பெயர் திரையில் ஓடும். பூ, இதென்ன பெரிய வேலை, அதை ஒரு பேப்பரில் எழுதி இடது பக்கம் வைத்துக்கொண்டேன், கண் பேப்பரில், விரல் விசையில், இன்ஸ்டிடியூட்டில் அப்படித்தான் பழக்கினார்கள், கையைப் பார்த்தால் அடி விழும், வரியை முடித்து நிமிர்ந்தால் திரையில் ஒரே ஒரு சொல், மிஸ்டேக். திரும்ப அடித்தேன், மிஸ்டேக். மெதுவாக அடித்தேன், மிஸ்டேக். நான் அடித்ததில் மிஸ்டேக்கா, என்னைப் பார்த்தா, விசை ஏதோ கெட்டிருக்கிறது என்று மறுபடி திறந்து மறுபடி துடைத்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன், எல்லாம் சரியாகத்தான் விழுகிறது, வரியாக அடித்தால் மட்டும் மிஸ்டேக், நாள் கழிகிறது, மதுரைக் கூடுகை நெருங்குகிறது, குழுவில் கேட்க வெட்கம், படுத்தால் அந்த அதிகாரியின் சிரிப்பு கண்ணில் வருகிறது, கெட்ட சிரிப்பாக இருந்தால் திட்டிவிட்டாவது தூங்கலாம், நல்ல சிரிப்பு, ஒருவேளை அவர் சொன்னது சரிதானோ, நிஜமாகவே எனக்கு வராதோ.

ஆபீஸில் முக்கியமான கடிதம் என்றால் அடித்ததும் அனுப்பமாட்டோம், ஒருத்தர் அடித்ததை எழுத்தெழுத்தாக வாசிப்பார், ஒருத்தர் மூலத்தை வைத்துக்கொண்டு ஒப்பிடுவார், அது ஞாபகம் வந்ததும் இவரைக் கூப்பிட்டேன், என்னங்க, கொஞ்சம் உக்காந்து திரையில இருக்கிறத அப்படியே வாசிங்க, அர்த்தம் பார்க்காதீங்க, எழுத்த மட்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இவர் டிக்கெட் நம்பர் படிக்கிற குரலில் ஆரம்பித்தார், எல், சைபர், ஒரு எடம் விட்டிருக்கு, பி, ஆர், நிறுத்துங்க என்றேன், ஒன்னு, சைபர். எல்லும்மா. ஒன்னுங்க, நான் ஒன்னுதான் அடிச்சேன். நீ என்ன அடிச்சியோ எனக்குத் தெரியாது, இங்க எல் இருக்கு. எழுந்து போய்த் திரைக்குப் பக்கத்தில் பார்த்தேன், எல் தான், இந்த மெஷின் போடுகிற பெரிய எழுத்தில், கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது, என் வலது கையைப் பார்த்தேன், எல் அடிக்கிற அந்த விரலை, அப்போதுதான் உறைத்தது, எங்கள் தட்டச்சு மெஷினில் ஒன்று என்கிற எண்ணே கிடையாது, எண் வரிசை இரண்டில்தான் தொடங்கும், ஒன்று வேண்டுமென்றால் சின்ன எல் எழுத்தை அடிப்போம், காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அப்படித்தான் அத்தனை வருசமும் தேதி அடித்தேன், தொகை அடித்தேன், இங்கே இந்த மெஷினில் மேலே இடது பக்கம் ஒன்றுக்கென்று தனியாக ஒரு விசை இருக்கிறது, என் கண் அதைப் பார்த்திருக்கிறது, என் விரல் அதை நம்பவில்லை. சிரித்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், இவர் பயந்துபோய் என்னம்மா என்னம்மா என்கிறார், பசை டப்பாவிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் அத்தனை காலம் ஊறிப் போயும் என் விரல் ஒன்றையும் மறக்கவில்லைங்க என்றேன், மறக்கவே இல்லை, அதுதான் மிஸ்டேக். அன்றைக்கு எனக்கு என் கையைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன், கட்டிப்பிடிக்க முடிந்தால் கட்டிப்பிடித்திருப்பேன். பெயர் கியர் ஒன்றும் போடவில்லை, ஒன்று விசையை மட்டும் சாயங்காலம் வரைக்கும் சுண்டுவிரலுக்குப் பழக்கினேன், பெயரை மதுரையில் அடித்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

மதுரைக்குப் பஸ்ஸில் போனோம், டிவி இவர் மடியில், மெஷின் என் மடியில் துண்டுக்குள், கூடுகை ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில், மேஜை மேஜையாகப் பையன்கள், கலர் கலராக விளையாட்டு ஓடுகிறது, பாட்டுக் கேட்கிற கேசட்டிலிருந்து அதை ஏற்றுகிறார்கள், கீச்சுக் கீச்சென்று சத்தம், இர்ஃபான் ஓடிவந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டான், வாங்க சார், வாங்க, இந்த மாடல் உயிரோட வர்றது அபூர்வம், எப்படி சார் சரி பண்ணீங்க. இவர் டிவியை மேஜையில் இறக்கி வைத்தார், முதுகை நிமிர்த்தினார், தம்பி, நான் டிவி தூக்க வந்தவன், மெஷின் அவங்களோடது என்றார். அப்போதுதான் எல்லாரும் என் பக்கம் திரும்புகிறார்கள், நான் வயரைச் சொருகுகிறேன், ஸ்விட்சைப் போடுகிறேன், கறுப்பு, கோடு, விட்டுவிட்டு எரிகிறது, இந்தத் தடவை அது கேட்க வேண்டியதில்லை, நான் உட்கார்ந்து முதுகை நேராக்கிக் கையை வைத்தேன், கண் எதையும் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைத்தான் பார்த்தேன், விரல் ஓடியது, சுண்டுவிரல் மேலே எட்டி ஒன்றை அழுத்தியது, விசைச் சத்தம் கூடத்தில் கேட்டிருக்கும்போல, பக்கத்து மேஜையில் விளையாட்டை நிறுத்தினார்கள், பத்து, இருபது, ஓடு.

நாங்கள் அடித்த ஒவ்வொரு கடிதத்திலும் கீழே இடது ஓரத்தில் ஒரு குறி இருக்கும், அதிகாரியின் முதலெழுத்துகள் பெரிய எழுத்தில், ஒரு சாய்கோடு, அதற்குப் பின்னால் அடித்தவளின் முதலெழுத்து, சின்ன எழுத்தில், அவ்வளவுதான் நான், எத்தனையோ ஆயிரம் காகிதத்தில் சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் சின்னதாக, யார் என்று யாரும் தேடாத இடத்தில். இப்போது என் பெயர் திரையில் ஏறுகிறது, முழுப்பெயர், பெரிய எழுத்தில், வரிக்குமேல் வரியாக, நிற்காமல், அரசாங்க டிவி நிறைய நான், இவர் வாய்விட்டு ஒரு தடவை என் பெயரை வாசிக்கிறார், கல்யாணமானதிலிருந்து ஏம்மா என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷன், இர்ஃபான் குனிந்து மெதுவாகக் கேட்கிறான், அம்மா, இது தானா நிக்காது, நிறுத்தத் தெரியுமா. தெரியும் தம்பி, ஓடட்டும் என்றேன்.