படகோட்டியின் ஏழு வசனங்கள்

அனியெல்லோவின் முகம் வீட்டில் நான்கு இடங்களில் மாட்டியிருந்தது. குரல்தான் எங்கும் இல்லை. அவன் செத்துப்போன ஐந்தாம் மாதம் இது அவன் பெண்டாட்டி நுன்சியாவுக்கு உறைத்தது. அடுப்பில் தக்காளி கொதித்துக்கொண்டிருந்தது. தன்னை அவன் எப்படிக் கூப்பிடுவான் என்று நினைத்துப் பார்த்தாள். பெயர் வந்தது, குரல் வரவில்லை. இன்னொரு முறை முயன்றாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். தக்காளி அடிப்பிடித்துப் போயிற்று.

இத்தாலியின் நாப்போலி நகரத்தில், சானித்தா பகுதியில், அந்தக் குரலை அறியாதவர் கிடையாது. சிப்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து தெருமுனையில் நின்று அவன் ஒரு சத்தம் கொடுத்தால் ஐந்தாம் மாடியிலிருந்து கூடைகள் கயிற்றில் இறங்கும். இனிமையான குரல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கரகரத்த கட்டைக் குரல். அவனுக்கு மட்டும் அதில் கொள்ளைப் பெருமை.

போன செப்டம்பரில் காலரா வந்தது. எல்லாம் சிப்பியால் வந்த வினை என்று வானொலி சொன்னது. தெரு முழுக்க அவன் வண்டியைக் கண்டு ஒதுங்கிப் போனது. அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நடுத்தெருவில் நின்று, எல்லோரும் பார்க்க, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பிழிந்து பன்னிரண்டு சிப்பிகளைப் பச்சையாக விழுங்கிக் காட்டினான். எலுமிச்சை பட்டால் எந்தக் கிருமியும் சாகும் என்று அந்த வாரம் ஊரே நம்பியது. சந்தையில் எலுமிச்சைக்கு அடிதடியே நடந்தது. நான்காம் நாள் அவனை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டினார்கள். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஆணி அடித்த பெட்டி, சுண்ணாம்பு, அவ்வளவுதான். முட்டாள்தனமான சாவு என்று யாராவது சொன்னால் நுன்சியா சண்டைக்குப் போவாள். மனசுக்குள் அவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் மாதத்தில், தெருமூலை சினிமாக் கொட்டகையின் சுவரில் அனியெல்லோ நடித்த பட விளம்பரத்தை மறுபடி ஒட்டியிருந்தார்கள்.

காலராவுக்கு மூன்று வருஷம் முந்தி எடுத்த படம். பழங்காலத்துக் கதைகளைத் துண்டு துண்டாகக் கோத்தது. ஏதோ ஒரு கொள்ளைநோய்க் காலத்தில் ஊரைவிட்டு ஓடியவர்கள் பொழுதுபோகச் சொன்ன கதைகளாம். நடிகர்கள் வேண்டாம், தெருவில் இருக்கும் முகங்கள்தான் வேண்டும் என்று படக்காரர்கள் சந்து சந்தாக அலைந்தார்கள். அனியெல்லோவின் ஓட்டைப் பல் அவர்களுக்குப் பிடித்துவிட்டது. சண்டை போடும் புருஷன் பெண்டாட்டியை அக்கரைக்குக் கொண்டுபோகும் படகோட்டி வேஷம். ஏழு வசனம். ஒரு வாரம் வீட்டில் யாரையும் தூங்க விடாமல் மனப்பாடம் செய்தான். படப்பிடிப்பு முடிந்து வந்து, "ஏழையும் ஒரே மூச்சுல சொன்னேன், ஒரு எழுத்து தடுக்கல" என்று மார்தட்டினான்.

படம் வந்தது. அதில் பாதிப்பேர் துணியில்லாமல் திரிகிறார்கள், பார்ப்பது பாவம் என்று பங்குச் சாமியார் பூசையில் சொல்லிவிட்டார். அனியெல்லோ மட்டும் தனியாகப் போனான். இருண்ட முகத்தோடு திரும்பி வந்தான். "சாமியார் சொன்னது சரிதான். குடும்பப் பொம்பளைங்க பாக்குற படமில்ல" என்றான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

நுன்சியா மாமனாரிடம் போய்ச் சொன்னாள். தொன் ரஃபேலே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பத்து வருஷமாகக் கண் தெரியாது. பிள்ளை செத்ததிலிருந்து பேச்சும் குறைந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

"மாமா, அவர் நடிச்ச படம் திரும்ப வந்திருக்கு. போலாமா?"

"எனக்கு எதுக்குடி படம்?"

"அதுல அவர் பேசுறாரு மாமா."

கிழவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். பிறகு, "என் நல்ல சட்டைய எடு" என்றார்.

"சாமியார் காதுக்குப் போனா?"

"அவர் வந்து என் கண்ண வேணா கட்டிட்டுப் போகட்டும்."

மத்தியானக் காட்சி. டிக்கெட் கிழிக்கும் தொன்னா ஆர்மீதா வாசலிலேயே ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். "பாதிப் படம் போயிடுச்சு நுன்சியா. பரவாயில்ல, உக்காரு. முடிஞ்சதும் திரும்ப மொதல்லேர்ந்து ஓடும், யாரும் எழுப்ப மாட்டாங்க."

உள்ளே பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். திரையில் ஒரு கன்னியாஸ்திரீ ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள், கீழே நின்றவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். நுன்சியா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஒரு கதை முடிந்து இன்னொன்று தொடங்கியது. ஆறு தெரிந்தது. துடுப்பைப் பிடித்துக்கொண்டு, கோணிச் சட்டையில், அவன் நின்றான்.

உயிரோடு நின்றான் அய்யா. ஓட்டைப் பல்லைக் காட்டிச் சிரித்தான். வாயைத் திறந்தான்.

"ஏறுறவங்க ஏறலாம். புருஷன் பொஞ்சாதி சண்டைய மட்டும் கரையிலயே வெச்சுட்டு ஏறுங்க."

மழமழப்பான குரல். நாடகத்தில் தேறிய, வெண்ணெய் தடவிய குரல். எவனுடைய குரலோ.

தொன் ரஃபேலே அவள் கையைப் பிடித்தார். "இது நம்ம பய வசனமாச்சே. எவனோ சொல்றான்." அடுத்த வசனம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. கிழவர் கைத்தடியைத் தரையில் குத்தினார். "வேஷத்த வேற எவனுக்கோ குடுத்துட்டானுங்க, பாவிங்க. எழுந்திரு, போலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. அவன் திரையில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் அந்தக் குரலுக்கு அடியில் அவன் குரல் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று தேடித் தேடி, அவன் முகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. படகு கரை சேர்ந்தது. முடிந்துபோயிற்று.

"கொஞ்சம் இருங்க மாமா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"படம் கெட்டுப்போயிருக்கு தொன்னா ஆர்மீதா. என் வீட்டுக்காரர் வாயில யாரோ பேசுறாங்க."

ஆர்மீதா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எல்லாப் படமும் அப்படித்தாண்டி. படம் புடிக்கிறப்ப சத்தத்த யாரு கண்டுக்குறா? அப்புறமா ரோம்ல ஒரு ரூமுக்குள்ள உக்காந்து பேசுறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. அமெரிக்காக்காரன் குதிரமேல ஏறி நம்ம பாஷைல பேசுறானே, அத என்னன்னு நெனச்ச?"

நுன்சியா அதை எதுவும் நினைத்ததில்லை.

"ஒனக்கு அவர் சொல்லலியா?" என்றாள் ஆர்மீதா. "இதே எடத்துல நின்னு இதையேதான் கேட்டாரு. நான் சொன்னதும் தொப்பியக் கையில சுருட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. 'வீட்டுல சொல்லிடாதீங்க'ன்னாரு."

குடும்பப் பெண்கள் பார்க்கும் படமில்லையாம். பெரிய மனுஷன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு முழுக்க அறிந்த குரலை வேண்டாமென்று வழித்து எறிந்திருக்கிறார்கள், அந்த அவமானத்தை இவன் தனியாகவே விழுங்கியிருக்கிறான். சொல்லியிருந்தால் அவள் திட்டியிருப்பாள், சிரித்திருப்பாள், மடியில் சாய்த்துக்கொண்டிருப்பாள். இப்போது யாரைச் சாய்த்துக்கொள்வது?

உள்ளே வந்து மாமனாரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கிழவர் தலை குனிந்து கேட்டார்.

"அப்ப அங்க நின்னது அவன்தானா?"

"அவர்தான் மாமா."

"அவன் கொரல என்ன பண்ணுனாங்க?"

"தெரியல மாமா. இல்ல. எங்கயும் இல்ல."

"சரி, போலாம்" என்றார்.

"நான் அவர் மொகத்தப் பாக்கல மாமா. இன்னொரு தடவ வரட்டும்."

காத்திருந்தார்கள். படம் முடிந்து விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி முதலிலிருந்து ஓடியது. அவர்கள் நுழைந்த இடமும் தாண்டிப்போயிற்று. ஆறு வந்தது. இந்த முறை அவள் காதை விட்டுவிட்டுக் கண்ணால் மட்டும் பார்த்தாள்.

"வந்துட்டாரு மாமா."

"என்ன பண்றான்?"

"சிரிக்கிறாரு. பேசுறாரு." சட்டென்று நிறுத்தினாள். அவன் உதடுகள் அந்த வசனத்தைச் சொல்லவில்லை. வேறெதையோ, ஒரே தாளத்தில், ஒவ்வொன்றுக்கும் இம்மியளவு தலையை ஆட்டிச் சொல்லின. பதினோரு வருஷம் அந்த வாய்க்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் அவள். "மாமா, எண்ணுறாரு. அவர் வசனமே சொல்லல. ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டு நிக்கிறாரு."

ஏழையும் ஒரே மூச்சில் சொன்னானாம். வாயசைந்தால் போதும், எதையாவது எண்ணு என்று எவனோ அவனிடம் சொல்லியிருக்கிறான்.

கிழவர் அவள் பக்கம் காதைச் சாய்த்தார். "எத்தனையில இருக்கான்?"

"ஆறு. இப்ப ஏழு."

"எட்டு" என்றார் தொன் ரஃபேலே.

வாய்விட்டுச் சொன்னார். பல மாதமாக உரக்கப் பேசாத தொண்டையிலிருந்து, கரகரவென்று, கட்டையாக வந்தது. நுன்சியாவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. திரையில் அவன் உதடு எட்டு என்று அசைந்தது. அவள் ஒவ்வொரு எண்ணுக்கும் மாமனாரின் உள்ளங்கையில் தட்டினாள்.

"ஒம்போது. பத்து. பதினொண்ணு."

முன்வரிசையில் ஒருவன் திரும்பி, "பெருசு, வாய மூடு. இது என்ன சந்தையா?" என்றான். அவள் காதில் விழவில்லை. அந்தப் பூசிய குரலும் விழவில்லை. அனியெல்லோ நின்று பேசிக்கொண்டிருந்தான். அவள் கண்ணீர் கன்னத்தில் இறங்கி வாய்க்குள் போனது, துடைக்கத் தோன்றவில்லை.

"பதினாறு. பதினேழு."

படகு கரையில் முட்டியது. அவன் துடுப்பைச் சாய்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினான். திரையில் வேறொரு தெரு, வேறு ஆட்கள், வேறு கதை. நுன்சியா தட்டுவதை நிறுத்திக் கையை அப்படியே வைத்திருந்தாள்.

"பதினெட்டு" என்றார் தொன் ரஃபேலே இருட்டைப் பார்த்து. "பத்தொம்பது. இருவது."

அவர் எண்ணிக்கொண்டே போனார். அவள் தடுக்கவில்லை.