உள்ளே போக ஒரே ஒருத்தி

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரே ஒரு பெண் வரலாம், அது யார் என்று கர்ப்பிணிதான் சொல்ல வேண்டும் என்றார்கள் திருப்பதி ஆஸ்பத்திரியில். நகரிப் பக்கத்திலிருந்து ஏழாம் மாதப் பரிசோதனைக்கு மகளோடு பஸ் ஏறி வந்திருந்த மணியம்மா, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு தன் பேர் வரக் காத்திருந்தாள். பெற்றவளை விட்டால் வேறு யார்? மகள் கல்பனா கொஞ்சமும் யோசிக்காமல் ஷோபாவின் பேரைச் சொன்னாள்.

ஷோபா, கல்பனாவின் கணவன் திருமலைக்கு அண்ணி. மணியம்மாவின் வயிற்றில் அன்றைக்குப் பற்றிக்கொண்ட நெருப்பில் சித்தூர் ஜில்லா முழுவதுக்கும் ஒரு வாரத்துக்குச் சோறு வடித்திருக்கலாம்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் மகளிடம் காரணம் கேட்டாள்.

"டாக்டரப் பாத்தாலே நீ எழுந்து நின்னு தலையாட்டுவ. எதுக்கு, என்னான்னு ஒரு வார்த்த கேப்பியா? எனக்கோசரம் கேக்கற ஆளு வேணும்மா."

அதற்குப் பிறகு இரண்டு மாதம் மணியம்மாவுக்குத் துன்னது செரிக்கவில்லை. வலி வரும்போது இடுப்பை எப்படித் தேய்த்துவிடுவது என்று ஷோபா ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டு வந்தாள். விடுவாளா இவள்? அதையே தன் வீட்டு எருமையின் இடுப்பில் பழகினாள். எருமை சொக்கிப்போய் வேளைக்கு இரண்டு லிட்டர் கூடவே கறந்தது.

வலி கண்ட அன்று காலை, ஷோபா உள்ளே போனாள், கதவு மூடியது. மணியம்மா மருமகனோடு வெளியே பெஞ்சில். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்ததில் அவள் கழுத்து மதியத்துக்குள் ஒரு முழம் நீண்டுவிட்டது. வலியில் உலகமே "அம்மா" என்றுதான் கத்தும். இவள் பெற்றது மட்டும் "அக்கா, அக்கா" என்று கத்தியது.

அப்போதுதான் ஒரு இளம் நர்ஸ் காகிதமும் பேனாவுமாக வந்தாள். "பெரியவங்க நீங்கதானே? ஆபரேஷனுக்கு ஒரு சந்தகம் பெட்டண்டி."

கையெழுத்து! டுவாக்ரா மகளிர் சங்கத்தில் ஆறு மாதம் பழகி, தெலுங்கில் உருட்டி உருட்டிப் போடும் கையெழுத்து. அதைவிட ருசியான விஷயம் ஒன்று இருந்தது. ஆபரேஷன் அறைக்குள் துணைக்கு யாரையும் விடமாட்டார்களாம். ஷோபாவும் இதே பெஞ்சுக்கு வந்தாக வேண்டும்.

முதல் எழுத்தைச் சுழித்தாயிற்று. அப்போது தன் தலை தன்னைக் கேளாமலே ஆடிக்கொண்டிருப்பதை மணியம்மா கவனித்துவிட்டாள். பேனா நின்றது.

பிள்ளைக்கு ஏதும் ஆபத்தா என்று கேட்டாள். இல்லை, இருவரும் நன்றாக இருக்கிறார்கள், வலிதான் மெதுவாக வருகிறது, காத்திருக்கவும் செய்யலாம், ஆபரேஷனும் செய்யலாம் என்றாள் நர்ஸ். கல்பனாவிடம் சொன்னீர்களா என்று கேட்டாள் மணியம்மா. வலியில் இருப்பவளை எதற்குத் தொந்தரவு செய்வது, அதனால்தான் பெரியவர்களிடம் வந்தேன் என்றாள் நர்ஸ்.

மணியம்மா மூடிய கதவைப் பார்த்தாள், பெஞ்சில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தாள். தன் சொத்தையே எழுதிக் கொடுப்பவள் மாதிரி பேனாவைத் திருப்பி நீட்டினாள்.

"வலி இடுப்புலதான, காது நல்லாத்தான கேக்குது. அவளாண்ட போய் ரெண்டையும் சொல்லுங்க. அவ என்னா சொல்றாளோ அது."

சாயங்காலம் ஆபரேஷன் இல்லாமலே பெண் குழந்தை பிறந்தது. செய்தி சொல்ல ஷோபா வெளியே வந்தாள். முகம் புளி கரைத்த தண்ணீர் மாதிரி இருந்தது.

"டாக்டரம்மா பக்கத்துல ஒக்காந்து எல்லாத்தியும் சொன்னாங்க. பொறுத்துப் பாக்கறேன்னு கல்பனாதான் சொன்னா. 'ஒங்கம்மாதான் ஒன்னக் கேக்கச் சொன்னாங்க'ன்னு நர்ஸு சொன்னதும் அழுதுட்டா." ஷோபா மூக்கை உறிஞ்சினாள். "காலையிலேர்ந்து கையப் புடிச்சிக்கினு நின்னது நானு, அத்தே. எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வுடல."

மணியம்மா பெஞ்சில் தாராளமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒக்காரும்மா. எவ்ளோ நேரம் அழுதா? மொதல்லேர்ந்து சொல்லு."