அழகுக்கு நிற்கும் பஸ் ஸ்டாப்

1

இந்தக் கதை ஒரு திருட்டில் பிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். மருத்துவமனையில் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிப் பெண் ரத்தப் பரிசோதனைத் தாளின் முதுகில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். "ஸ்டாப்பில் ஆட்கள் நிற்க வேண்டும். கை காட்ட வேண்டும். மழை வந்தால் வைப்பர் ஓட வேண்டும். கதவை மூடின பிறகு ஒருத்தராவது ஓடி வர வேண்டும்." மேலே 'கேம்' என்று ஒரே சொல். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். அந்த நான்கு வரி அவருடையது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "பத்தொன்பது வருடம் ஸ்டியரிங்கைப் பிடித்த அந்தக் கைகள் இன்று" — வேண்டாம். மூன்றாம் வரியில் நானே அழுதுவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: "திறந்த உலக விளையாட்டு என்பது யாதெனில்" — பரீட்சை விடைத்தாள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். பத்தொன்பது வருடமும் ஒரே தடம், இருபத்திரண்டு. டிப்போவில் அதுவே அவள் பெயராகிவிட்டது; வீட்டிலும் அண்ணி அப்படித்தான் கூப்பிடுவாள். ஒருநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். வலிப்பு. வண்டியில் யாரும் ஏறியிருக்கவில்லை. "ஆறு மாசம் எந்த வண்டியும் தொடக்கூடாது. அப்புறம் பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

அண்ணன் வீட்டுக் கூடத்து சோபாவில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாரத்தில் வீட்டிலிருந்த எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டாகிவிட்டது. மூன்றாம் வாரம் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

3

அண்ணிக்கு ஒரு கேம் கம்பெனியில் வேலை. நாள் முழுக்கத் திரைக்குள் இருக்கும் சுவரில் போய் முட்டிப் பார்ப்பாள். சுவர் வழிவிட்டால் அது பிழை, குறித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி அப்போது ஒரு முழு நகரத்தையே கட்டிக்கொண்டிருந்தது. எந்தத் தெருவிலும் நுழையலாம், எந்த வண்டியையும் எடுக்கலாம், இப்படிப் போ அப்படிப் போ என்று சொல்ல ஆள் கிடையாது.

"இந்தா இருபத்திரெண்டு, ஓட்டிப் பாரு. இங்க லைசென்ஸ் கேக்க மாட்டாங்க."

அவள் நேரே போய் பஸ்ஸை எடுத்தாள். சிவப்பு விளக்கில் நின்றாள். பின்னால் வந்த லாரி இடித்தது, மன்னித்துவிட்டாள். ஸ்டாப் வந்ததும் ஓரம் கட்டினாள். காத்திருந்தாள். ஆட்கள் வந்தார்கள், நிற்காமல் போனார்கள்.

"அண்ணி, இவங்க ஏன் ஏற மாட்டேங்கறாங்க?"

"அவங்க சும்மா அழகுக்கு நடக்கறவங்க."

"அப்ப ஸ்டாப்பு எதுக்கு?"

"அதுவும் அழகுக்குத்தான்."

"நல்லா இருக்கு உங்க ஊரு! நிக்கறதுக்கு இடம் கட்டி வெச்சிருக்கீங்க, நிக்க ஒரு ஆள் இல்ல."

4

அண்ணன் விஷயத்தில் எனக்குக் குழப்பம். முதல் வரைவில் அவன் கேலிக்காரன். "தங்கச்சி பொம்மை பஸ் ஓட்டறா" என்று ஒரு வசனம்கூட எழுதிக் கொடுத்தேன். கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் எழுதுகிறவனுக்குச் சௌகரியம். ஆனால் அவன் அந்த வசனத்தைப் பேசவே இல்லை. அடுக்களைக்குப் போய் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து அவள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, "அந்தத் திருப்பத்துல கொஞ்சம் அகலமா எடு" என்று சொல்லிவிட்டுப் போனான். வசனத்தை அடித்துவிட்டேன்.

5

அந்தத் திரை நகரத்துக்கு என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் அன்றுதான் தொடங்கியது. அவள் சொல்லச் சொல்ல அண்ணி தட்டச்சு செய்தாள். நடுவில் சண்டை.

"பெருசா யோசியேன். மலை உச்சியில இருந்து குதிக்கலாம், கடலுக்கு அடியில வீடு கட்டலாம்..."

"அதெல்லாம் இருக்கட்டும் அண்ணி. காலையில ஏத்தின ஆளை சாயங்காலம் நான் திரும்ப ஏத்தணும். காலையில வெறுங்கையா போனவங்க வரும்போது கையில ஏதாவது வெச்சிருக்கணும்."

"என்ன வெச்சிருக்கணும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அது அவங்க விஷயம்."

அண்ணியின் விரல்கள் நின்றன. பதினோரு வருடமாக அவள் சுவரில் முட்டிய எந்த நகரத்திலும் யாருக்கும் சொந்த விஷயம் இருந்ததில்லை.*

(* இந்த இடத்தில் படைப்பையும் சுதந்திரத்தையும் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நன்றி சொல்ல வேண்டாம்.)

6

அண்ணி பட்டியலை அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். மறுவாரம் இருபத்திரண்டையே அழைத்துப் போனாள். குழுத் தலைவர் மரியாதையான மனிதர், ஆனால் மசியவில்லை.

"விளையாடறவங்க இடிக்க வர்றாங்க மேடம். நிறுத்த வரல."

"இடிக்கட்டும் சார், யாரு வேணாங்கறா? நிறுத்தணும்னு நினைக்கறவனுக்கு ஒரு ஸ்டாப்பு இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

இரண்டு வாரம் தருகிறேன் என்றார். அந்த இரண்டு வாரமும் அவள் அங்கே பாடம் நடத்தினாள். முழங்கால் வலிக்காரர்கள் படியில் எந்தக் காலை முதலில் வைப்பார்கள். இது எங்கே போகும் என்று கேட்டுப் பதில் வாங்கியவர், உட்கார்ந்ததும் அடுத்தவரிடம் அதையே எப்படிக் கேட்பார். தூங்கி வழிகிறவர் தன் ஸ்டாப்புக்கு முந்தின ஸ்டாப்பில் எப்படி விழித்துக்கொள்வார்.

சோதனை நாளில் பன்னிரண்டு பேரை விளையாட உட்காரவைத்தார்கள். கொடுத்த வேலை ஒரு கோட்டையைக் கைப்பற்றுவது. மதியத்துக்குள் ஒன்பது பேர் கோட்டையை மறந்துவிட்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் திரையைப் பார்த்துக் கத்தினார்: "உள்ள தள்ளி நில்லுங்கம்மா, உள்ள எடம் இருக்குல்ல!"

இருபத்திரண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

7

ஆறு மாதம் முடிந்தது. இங்கே இரண்டு முடிவு எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் டாக்டர், "தாராளமா ஓட்டலாம்" என்கிறார். டிப்போவே கைதட்டுகிறது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்: ஐந்தாம் மாதம், காலைச் சாப்பாட்டின்போது, அவளுக்கு வலிப்பு இன்னொரு முறை வந்தது. சொல்ல மனம் வரவில்லை. அது தாளில் ஏறிவிட்டது. என்னால் அழிக்க முடியாது.

ஆக, இரண்டாவது.

"ஆளுங்களை ஏத்தற வண்டி இனிமே வேண்டாம்மா" என்றார் டாக்டர்.

"சைக்கிள்?"

"அதுவும் கொஞ்ச நாள் போகட்டும்."

வெளியே நடைபாதை பெஞ்சில் அவளும் அண்ணியும் உட்கார்ந்தார்கள். அழுதது அண்ணிதான்.

"அழுங்க அண்ணி. மெதுவா அழுங்க. நான் ஓரமாத்தான் நிறுத்தியிருக்கேன்."

அப்புறம் அவளுக்கும் அழுகை வந்தது. இருவரும் ஒரே கைக்குட்டையால் மாற்றி மாற்றித் துடைத்துக்கொண்டார்கள்.

டிப்போவில் அவளைக் கால அட்டவணை அறையில் போட்டார்கள். ஓட்டுநர்கள் வருடக்கணக்காக மூச்சிரைக்க ஓட்டிய மூன்று தடங்களுக்கு முதல் வாரமே நான்கு நிமிடம் கூட்டிக் கொடுத்தாள். மேலதிகாரி ஏன் என்று கேட்டார். அவள் சொன்ன காரணம் அரைமணி நேரம் நீண்டது. பாதியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டுநர்கள் தன்னை நடுவில் உட்காரவைக்கிறார்கள் என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் கேம் கம்பெனி.

8

இப்போது ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். திரையில் பஸ் நிற்கிறது. இருக்கையெல்லாம் நிறைந்துவிட்டது, ஒருவர் மடியில் பெரிய பெட்டி, என்ன இருக்கிறதென்று அவருக்குத்தான் தெரியும். நெற்றிப் பலகையில் 22 எரிகிறது. அதற்குப் பக்கத்தில் கடைசி நிறுத்தத்தின் பெயர் வர வேண்டிய இடம் காலி.

"பேர் நீங்கதான் வைக்கணும் மேடம்" என்கிறார் குழுத் தலைவர்.

அண்ணி கீபோர்டை நகர்த்தி வைக்கிறாள். இருபத்திரண்டு கையைத் தேய்த்துக்கொள்கிறாள். முகத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. அவள் தட்டியதாக நான் பதினோரு பெயர் எழுதிப் பார்த்தேன். 'வீடு' என்று ஒன்று, தித்திப்பு அதிகம். 'மைதானம்' என்று ஒன்று, பரவாயில்லை ரகம். எதையும் அவள் ஏற்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினாள், தப்பான ஸ்டாப்பில் இறங்கப்போகிறவரைத் தடுக்கிற மாதிரி.

நான் பேனாவை வைத்துவிட்டேன். நீங்கள் இவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறீர்கள். எங்கே இறங்க வேண்டுமென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சொல்லுங்கள், அவள் தட்டிக்கொள்வாள். அவசரமில்லை. அவளுடைய அட்டவணையில் இதற்கும் நேரம் போட்டிருக்கிறாள்.

22 —