மூன்றாவது ஓலை

ஆரோக்கிய ஷீலா ஒரு குடித்தனத்தையே நான்கு அட்டைப்பெட்டிக்குள் அடக்கிவிட்டாள். ஒரு குக்கர், ஒரு மிக்ஸி, கைப்பிடி ஆடுகிற வாணலி, இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், ஓட்டைச் சல்லடை. சல்லடை என்றாலே ஓட்டைதானே என்று கேட்கக் கூடாது. இதில் கம்பி அறுந்து விழுந்த ஓட்டை. அடுப்படியில் இல்லாமல் போனாலும் யாரும் தேடாத சாமானாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தாள்.

விடிந்தால் சனிக்கிழமை. காலையில் வேன் வரும். திங்கட்கிழமை கோயம்புத்தூரில் புதுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர வேண்டும். மூன்றாவது மாடியில் ஒரு படுக்கையறை கொண்ட ஃப்ளாட், சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. இருபத்தெட்டு வயதில் முதன்முதலாகத் தனக்கென்று ஒரு வீடு. அதற்கு ஏற்ற பூரிப்பு முகத்தில் இருக்க வேண்டுமல்லவா? இல்லை. அழுகையாவது இருக்க வேண்டுமே, அதுவும் இல்லை. செய்தித்தாளைக் கிழித்தாள், டம்ளரைச் சுற்றினாள், பெட்டிக்குள் வைத்தாள். வெகுநேரம் மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படித்தான் மூன்று வாரமாக அவள் மனசு இருந்தது. மரத்த கால் வலிப்பதில்லை. நீட்டும்போதுதான் உயிர் போகும். அவள் நீட்டவில்லை.

அந்த ஃப்ளாட் இரண்டு பேருக்காகப் பார்த்தது. மாப்பிள்ளை நெல்சன், காளையார்கோவில்காரன், கோயம்புத்தூரில் வேலை. அவனுக்காகத்தான் ஷீலா காரைக்குடியில் ஆறு வருடம் பார்த்த வேலையை விட்டுவிட்டு அங்கே வேறு வேலை தேடிக்கொண்டாள். ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு அடுத்தடுத்து அறிவிப்பார்கள். அதற்குப் பேர் ஓலை. மூன்றும் முடிந்தால்தான் கல்யாணம். இரண்டாவது ஓலையும் முடிந்தது. அந்த வியாழக்கிழமை நெல்சன் போன் செய்தான்.

"எனக்கு மனசு ஒட்டலைங்க. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றான்.

"சரிங்க" என்றாள் ஷீலா. வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். தடை சொல்ல ஊரில் ஒருத்தரும் வரவில்லை. மாப்பிள்ளையே வந்து சொன்னான், அவ்வளவுதான் கதை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று ஒரு டஜன் பேராவது வந்து சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. உலைமூடி என்றதும் பரணைச் சொல்ல வேண்டும். அங்கேதான் பதினெட்டு உருப்படி மூட்டையாகக் கிடந்தது. இட்லிக் கொப்பரை, அடுக்குச்சட்டி, தூக்குவாளி, பித்தளைக் குடம் எல்லாம் ஷீலாவின் கல்யாணச் சீர். ஒவ்வொன்றின் கழுத்திலும் 'நெல்சன் - ஷீலா' என்று பேர் வெட்டியிருந்தது.

அது அம்மா யூஜினியாவின் அவசரம். மூன்று ஓலையும் முடியாமல் பாத்திரத்தில் பேர் வெட்டக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் பதினோராவது கட்டளை. கடையில் வைத்தே அப்பா இஞ்ஞாசிமுத்து சொன்னார்.

"மூணு ஓலையும் முடியட்டும் யூஜினி. பெறகு வெட்டிக்கிரலாம்."

"இப்பன்னா கடைக்காரர் சும்மாவே வெட்டித் தாரேங்குறாரு. பெறகு பதினெட்டையும் நீங்களா தூக்கிக்கிட்டு வருவீக?"

மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறிய மனிதர் பணத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தார். வெட்டிய பேர் வெட்டியதுதான். தேய்த்தாலும் போகாது. அந்தப் பாத்திரங்களை இனி எந்த மாப்பிள்ளை வீட்டிலும் இறக்க முடியாது.

ஆனால் யூஜினியா வேறொரு கணக்கில் இருந்தாள். சாமியார் மூன்றாவது ஓலையை ரத்து என்று சொல்லவில்லையே, வாசிக்கவில்லை, அவ்வளவுதானே என்பது அவள் வாதம். எப்போதும் பின்வரிசையில் தூணோரமாக உட்காருகிறவள், இப்போது ஞாயிறுதோறும் முதல் வரிசைக்குப் போனாள். காலைப் பூசையில் வாசிக்கவில்லையென்றால் இரண்டாம் பூசைக்கும் இருந்தாள். மாப்பிள்ளைப் பையனுக்கு மனசு மாறியிருக்கலாம், காளையார்கோவிலிலிருந்து சாமியாருக்குச் சேதி வந்திருக்கலாம். கல்யாணத் தேதியே தாண்டிப் போன பிறகும், போன ஞாயிறு, அதே முதல் வரிசை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷீலா பார்த்தாள். அறிவிப்பு வாசிக்கும்போது அம்மாவின் விரல்கள் ஜெபமாலையை நகர்த்தாமல் ஒரே மணியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும்தான் ஷீலா சொன்னாள். "ஃப்ளாட்ட வேணாம்னு சொல்லலைமா. அதுலயே போயி இருக்கப் போறேன்."

"தனியாவா?"

"ஆமா."

"அந்தப் பய இருக்குற ஊர்லயா?"

"கோயம்புத்தூரு என்ன அவுக அப்பா வீட்டுச் சொத்தாம்மா?"

யூஜினியா அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை. சோறு போட்டாள், தலைக்கு எண்ணெய் எடுத்து வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. தனியாகக் குடி போவது என்றால் இந்தக் கல்யாணம் முடிந்த கதை என்று மகளே சொல்லிவிடுவது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அம்மா பேசாமல் வழியனுப்பினால் அந்த வீட்டில் தன்னால் ஒரு வாய் சோறு ஆக்கித் தின்ன முடியாது என்று ஷீலாவுக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான்காவது பெட்டியை ஒட்டி முடித்துவிட்டுப் படுத்துத் தூங்கினாள்.

காலை எட்டு மணிக்கு வேன்காரர் தங்கச்சாமி வந்தார். நாலு பெட்டியையும் ஒரு பாயையும் சூட்கேஸையும் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? இதுக்குப் போயி என் வண்டியையா கூப்பிட்டீக" என்றார். வேனின் முன்பக்கம் மூன்று பேர் உட்காரலாம். இறக்கி வைத்துவிட்டுத் திரும்புவதாக இஞ்ஞாசிமுத்து தண்ணீர் பாட்டிலோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். ஷீலா அம்மாவிடம் சொல்லிக்கொள்ள உள்ளே போனாள்.

அம்மா பரணுக்குக் கீழே ஸ்டூல் போட்டு ஏறி நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலை கட்டியிருந்தாள்.

"பிடி" என்றாள்.

ஆறு நாளில் முதல் வார்த்தை. மூட்டை ஷீலாவின் கைகளில் கனமாக இறங்கியது. உள்ளே பாத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தமிட்டன.

"இது எதுக்கும்மா? பேரு இருக்கே."

"பேரு இருந்தா சோறு வேகாதா?"

யூஜினியா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். மூட்டையை அவிழ்த்து இட்லிக் கொப்பரையை எடுத்து, வெட்டிய எழுத்துகளை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள்.

"கடைக்காரரு அழகாத்தான் வெட்டியிருக்காரு" என்றாள். "பாதி உன் பேருதான. நீ பொழங்கு. அந்த ஓட்டச் சல்லடைய எறக்கி வையி, புதுசு ஒண்ணு இருக்கு."

பதினெட்டு உருப்படியும் வேனில் ஏறின. தங்கச்சாமிக்கு இப்போதுதான் திருப்தி. யூஜினியா வாசலைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து, வேனுக்குள் உட்கார்ந்திருந்த கணவனிடம் நீட்டினாள்.

"நீங்க எறங்குங்க. ரெண்டு நாளைக்குச் சோறு மட்டும் வடிச்சுக்கங்க. கொழம்பு அடுப்புல இருக்கு, சுட வச்சுச் சுட வச்சுச் சாப்புடுங்க."

இஞ்ஞாசிமுத்து இறங்கினார், ஏறி உட்கார்ந்த மனைவியிடம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

வேன் தெருமுனை திரும்பியது. கோயில் மணிக்கூண்டு தெரிந்து மறைந்தது. ஷீலா மெல்லக் கேட்டாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. இங்க பூசைக்குப் போக வேணாமா?"

"கோயம்புத்தூர்ல கோயிலு இல்லையா?"

"இருக்கு. ஃப்ளாட்டுலேருந்து நடந்தே போயிரலாம்."

"அங்க போவோம். நான் பூசை பாத்து மூணு வாரம் ஆச்சு ஷீலா."

"வாரா வாரம் போனியேம்மா. ரெண்டு பூசைக்கும் இருந்தியே."

"எங்க பாத்தேன்? ஓலையத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்" என்றாள் யூஜினியா. "அங்க கடைசித் தூணுக்கிட்ட ஒக்காந்து, ஒழுங்கா ஒரு பூசை பாக்கணும்."

ஷீலாவுக்கு அப்போதுதான் வலித்தது. மூன்று வாரமாக எங்கே இருந்ததென்று தெரியாத வலி, மொத்தமாக, ஒரே நேரத்தில். அம்மாவின் நீலச் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தமாகவே அழுதாள். தங்கச்சாமி ரேடியோவை அணைத்தார். பின்னால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் பாத்திரங்கள் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.