மெரிட்டின் புழுதி

எங்கள் பள்ளத்தாக்கில் ஆள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் வண்டி கிளப்பும் புழுதி தெரிந்துவிடும். அதைப் பார்த்துக் காபியை அடுப்பில் ஏற்றுவது நெவாடாவின் இந்த மூலையில் வழக்கம். வருவது யாரென்றும் சொல்லிவிடுவோம். மெரிட் ஓட்டினால் புழுதி கோணல்மாணலாக எழும், ஆளும் அப்படித்தான்.

அந்தச் சனிக்கிழமை என் தங்கை ஐடெல்லா மூன்றாம் முறையாகக் காபி ஏற்றினாள். மலைக்கு அந்தப் பக்கம் மாடு வளர்க்கும் மெரிட், அன்று காலை வந்து அவளைக் கல்யாணத்துக்குக் கேட்பதாக எழுதியிருந்தான். வராவிட்டால் பன்னிரண்டு மணித் தபால் வண்டியில் ரீனோ நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவதாக இவளும் பதில் எழுதியிருந்தாள். பெட்டி வாசலில் தயாராக நின்றது.

பதினொரு மணிக்குக் கணவாயில் கோணல் புழுதி எழுந்தது. அடிவாரப் பாதையில் சுற்றி வராமல் நேரே வறண்ட ஏரிக்குள் இறங்கியது. நடு ஏரியில் சட்டென்று அடங்கிவிட்டது.

"பயந்து திரும்பிட்டான்," என்றேன். எனக்கு அவனைப் பிடிக்காது, மறைப்பானேன்.

"திரும்பியிருந்தா புழுதியும் திரும்பிப் போயிருக்கும்ண்ணே. இது அப்படியே படுத்துடுச்சு. மாட்டிக்கிட்டான்."

முந்தாநாள் மலையில் மட்டும் மழை. மலையில் பெய்வதெல்லாம் கடைசியில் ஏரிக்குத்தான் வரும், வேறு போக்கிடம் கிடையாது. மேலே வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும், அடியில் சேறு. இங்கே பிறந்தவனுக்கு அது தெரியாதா என்ன? அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

"தபால் வண்டிய விட்டுடுவ, ஐடெல்லா."

"பலகைய எடுண்ணே."

ஏரிக்கரையில் லாரியை நிறுத்திவிட்டுப் பலகைகளோடு நடந்தோம். சக்கரம் புதைந்த வண்டியருகே, கழுத்தில் டையும் முழங்கால்வரை சேறுமாக நின்றிருந்தான் மெரிட்.

"காலையிலேயே கெளம்புறதுக்கென்ன?" என்றேன்.

"ஆறு மணிக்கே கெளம்பிட்டேன். என்ன பேசுறதுன்னு கணவாய்ல உக்காந்து யோசிச்சேன்."

"யோசிச்சியா?" என்றாள் ஐடெல்லா.

"எல்லாம் மறந்துபோச்சு."

வடக்கிலிருந்து தபால் வண்டியின் புழுதி வந்து எங்கள் வாசலில் அடங்கியது. விரட்டினால் வழியில் பிடித்துவிடலாம். லாரிச் சாவியை நீட்டினேன், அவள் வாங்கவில்லை. புழுதி மறுபடி எழுந்து தெற்கே போயிற்று. அது மறையும்வரை மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெரிட் தொண்டையைச் செருமினான். "ஐடெல்லா, இப்பக் கேக்கலாமா?"

"போற புழுதியப் பாத்தேல்ல? அப்புறம் என்ன கேள்வி. பலகைய அடியில குடு."