தினசரி வரவு

"இன்னொரு தடவை போயிட்டு வாடி!" என்று தணிகைவேல் கத்தினான்.

"வந்து வந்து காலே ஓஞ்சு போச்சு. நீங்க போயிட்டு வாங்களேன்!" என்று அவன் மனைவி மங்கை பதிலுக்குக் கத்தினாள்.

"நான் வந்தா வெறும் எலுமிச்சம்பழம்தான் விழுது. உனக்குத்தான் கூடுதலா விழுது."

எங்களுக்கு எல்லாம் கேட்டது. காதுகளை அவர்கள் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர்களான நாங்கள் சமைக்கப் போவோம்.

ஆன்லைன் காசினோ முதலில் தணிகைவேலின் போனில்தான் இருந்தது. அங்கே இடம் போதாமல் அவர்கள் வாசலுக்குக் குடிவந்துவிட்டது. யார் உள்ளே நுழைந்தாலும் அது லாகின். உடனே நிலைக்கு மேலிருந்து அன்றைய போனஸ் விழும்.

தணிகைவேல் வேலையை விட்டுவிட்டு அதில் உள்ள ஒழுங்கைக் கண்டுபிடித்தான். மங்கை சும்மா வந்தால் எலுமிச்சம்பழம். அழுதுகொண்டு வந்தால் வெள்ளி மணி. திட்டிக்கொண்டே வந்தால் ஃப்ரீ ஸ்பின். வீடே ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். அவர்கள் குளியலறை எங்கள் அடுப்பைப் பார்த்து நின்ற நாட்களில் நாங்களும் திட்டினோம். எங்களுக்கு ஒன்றும் விழவில்லை.

ஜாக்பாட் எதற்கு விழும் என்பது மட்டும் பிடிபடவில்லை. இன்னும் கொஞ்சம் நோகடித்தால் விழும் என்று நம்பினான். அதனால் அவளுடைய செத்துப்போன அப்பாவைப் பற்றிப் பேசினான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அவள் வரும் ஒவ்வொரு தடவையையும் கதவு ஒரு நாளாகக் கணக்கிட்டு அவள் வயதில் ஏற்றியது. தீபாவளிக்குக் கறுப்பாக இருந்த மங்கையின் தலை பொங்கலுக்குள் நரைத்துவிட்டது.

அவளுக்கு ஓசூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று வாசலைத் தாண்டுவாள். தாண்டினால் அதே ஹால். தலையில் எலுமிச்சம்பழம்.

அன்று அவள், லாகின் கணக்கு எழுதக் கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காசினோ அதிகாரியிடம் நேராகப் போனாள்.

"சார், வெளிய போக என்ன வழி?"

"கிளம்பறப்ப என்னம்மா சொல்றீங்க?"

"போயிட்டு வரேன்னு."

"அதான் வந்துடறீங்க."

"வேற எப்படிச் சொல்றதாம்?"

"எங்களைக் கேட்டா? அது உங்க வழக்கம்."

மங்கை பையை எடுத்தாள். கம்பியில் எங்கள் காதுகள் விறைத்துக்கொண்டன.

"நான் போறேன்," என்றாள்.

"விளக்கு வைக்கிற நேரத்துல என்னடி பேச்சு இது! வரேன்னு சொல்லுடி!"

"போறேன். போறேன். போறேன்."

வாசலுக்கு வெளியே மாடிப்படி இருந்தது. மங்கை இறங்கிப் போனாள். அதிகாரி ஸ்டூலை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு தணிகைவேலிடம் காபி கேட்டார்.

மங்கை ஓசூரில் டயர் கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டதாகக் கேள்வி. விவாகரத்து வாங்கிய கையோடு தணிகைவேலும் பெண் பார்க்கப் போனான். "கோபம் வருமா?" என்று மட்டும்தான் கேட்டானாம். "நல்லாவே வரும்," என்று பெண் வெட்கப்பட்டாளாம். கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடத்தான் இருந்தோம். அதற்குள் மொய் எழுதிவிட்டோம். அதனால் சொல்லவில்லை.