ஏழு முறை கழுவிய மருந்து

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் ‘சோப்பு’. சுத்தம் என்றால் உங்கள் வீட்டுச் சுத்தம், என் வீட்டுச் சுத்தம் இல்லை, பேய்ச் சுத்தம். கன்றுகளைக் கொல்லும் கழிச்சலுக்குத் தடுப்பூசி செய்ய, கிருமியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுப்பாள். கிருமியின் செல்சுவர்த் துணுக்கு கலந்தால் கன்றுக்குக் காய்ச்சல் வந்துவிடும் என்று பயந்து, அதை ஏழு முறை கழுவுவாள். என்ன கழுவி என்ன? மூன்று வருஷமாக ஊசி போட்டும் எலிகளின் ரத்தத்தில் கிருமியோடு போராடும் எதிர்ப்பொருள் பேருக்குக்கூட ஊறவில்லை. இரண்டு மாதத்தில் ஒன்றும் தேறாவிட்டால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிடப் போவதாக இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான், எலிகளைக் கவனிக்கும் எலியண்ணன் தன் நோட்டோடு வந்து நின்றார். முந்தைய மாதம் கழுவும் இயந்திரம் மக்கர் செய்து, இரண்டே கழுவலோடு நின்ற மருந்து தவறுதலாக ஐந்து எலிகளுக்குப் போய்விட்டது. அவற்றைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள் என்று அவள் எரிந்து விழுந்திருந்தாள். அவர் சேர்க்கவில்லைதான். ஆனால் பார்க்காமல் இருக்கவில்லை.

“அஞ்சுக்கும் ஊசி போட்ட இடம் ரெண்டு நாள் வீங்கியிருந்துச்சு மேடம். மத்ததுக்கெல்லாம் ஊசி போட்டதே தெரியல.”

அவளுக்குச் சுருக்கென்றது. வீக்கம் என்றால் உடம்பின் காவல் செல்கள் ஓடி வந்திருக்கின்றன. கிருமியின் சுவரைக் கண்டால்தான் அவை திருடன் திருடன் என்று கத்தும். அந்தக் கூச்சல் கேட்டால்தான் எதிர்ப்பொருள் செய்யும் செல்கள் எழுந்து வேலையைப் பார்க்கும். அந்தச் சுவரையல்லவா மூன்று வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துச் சாக்கடையில் விட்டிருக்கிறாள்! தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாளே எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தாள். ஒன்றுக்குப் புரதம் மட்டும். ஒன்றுக்குச் சுவர்த் துணுக்கு மட்டும். மூன்றாவதற்கு, காய்ச்சல் வராத அளவு துணுக்கைப் புரதத்தோடு கலந்து போட்டாள்.

கெடு முடியும் நாளில் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, கூட்டத்துக்கு ஒரு வரிசையாகச் சோதனைத் தட்டின் குழிகளில் ஊற்றி, நிறம் காட்டும் மருந்தைச் சேர்த்தார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் மஞ்சளாக வேண்டும். முதலிரண்டு வரிசைகள் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராகவே கிடந்தன. மூன்றாவது வரிசையில் ஒரு குழிகூட விடாமல் மஞ்சள், பளீரென்று. எலியண்ணன் அடேயப்பா என்றார். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

அவரையும் இழுத்துக்கொண்டு தட்டோடு இயக்குநர் அறைக்குப் போனாள். மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்திருந்த மனிதர், தட்டைச் சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுல ஏதாவது அழுக்கு கலந்திருக்கப் போகுது. நல்லாக் கழுவினீங்களா?”

“கலந்திருக்கு சார்,” என்றாள் சோப்பு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. “அளந்து நானேதான் கலந்தேன். கலக்கணும்னு காட்டிக் கொடுத்தது இவரோட அஞ்சு எலிங்க.”

இயக்குநர் பேனாவை மூடினார்.